ஸ்டாண்டர்டு ஹெரால்டு: ஓட வைக்கறதுக்கு முன்னாடி நிக்க வைக்கணும்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "இன்ஜினை எப்போ ஸ்டார்ட் பண்ணப் போறீங்க?" இப்போதைக்கு இல்ல. பல வருஷம் நின்ன காரை எழுப்பும்போது, ஓட வைக்கறதுக்கு முன்னாடி நிக்க வைக்கணும். அதனால இன்னைக்குப் பின் சஸ்பென்ஷனும் பின் பிரேக்கும்.

கார் மயிலத்துல எங்க மாமா வீட்டுக் கொட்டகையில நிக்குது. நாலு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கூட்டேரிப்பட்டு போய் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிச்சு சென்னை பக்கம் போனா வர்ற வண்டலூர்தான் இதோட பிறந்த ஊர். இங்கிலாந்துல 1959-ல வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை, 1961-லிருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி இங்கே தயாரிச்சது. 948 சி.சி. இன்ஜின்.

அம்பாசடர்ல பின்பக்கம் ஒரே நீளமான இரும்புக் கூடு. எடையை அது தாங்கும். உள்ளே இருக்கிற ஆக்சில் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுத்தும். ஹெரால்டு அப்படி இல்ல. டிஃபரன்ஷியல் சேஸிஸோட சேர்ந்து நிக்கும். அதுக்கு மேல குறுக்கா ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். ரெண்டு பக்கமும் ஷாஃப்ட், உள்முனையில ஒரு யு.ஜே. கிராஸை வெச்சு, றெக்கை மாதிரி மேலேயும் கீழேயும் ஆடும். அதாவது ஷாஃப்ட்டுக்கு ரெண்டு வேலை: சக்கரத்தைச் சுத்தணும், பிடிச்சும் வெச்சுக்கணும். நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். அதனால கிராஸ்ல லேசா ஆட்டம் தெரிஞ்சாலும் மாத்திடணும்.

இந்த அமைப்புக்கு இன்னொரு குணம் உண்டு. வளைவுல வேகமா போய் திடீர்னு ஆக்சிலரேட்டரை விட்டா, பின்பக்கம் தூக்கி, வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கப் பார்க்கும். 1965-ல ரால்ஃப் நேடர் எழுதின புத்தகம் செவ்ரலே கார்வேரைக் குற்றம் சாட்டினதும் இதே மாதிரி ஸ்விங் ஆக்சிலுக்காகத்தான். நம்ம ஊர்ல வாங்கினவங்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இது பிடிக்கல. 1972-ல வந்த ஸ்டாண்டர்டு கஸெல்ல, இன்ஜினை அப்படியே வெச்சுக்கிட்டு பின்னாடி நேர் ஆக்சில் போட்டாங்க.

இனி வேலை. காரை ஸ்டாண்டுல ஏத்துங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. ஷாக் அப்சார்பரைக் கழட்டறதுக்கு முன்னாடி அந்தப் பக்க ஹப்பைக் கீழேருந்து தாங்கிப் பிடிக்கணும், இல்லன்னா ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளும். ஹப் ஷாஃப்ட்டுல இறுக்கமா உட்கார்ந்திருக்கும். சுத்தியல் வேண்டாம், சரியான புல்லர் வேணும். திரும்பப் பூட்டும்போது, ரப்பர் புஷ் இருக்கிற போல்ட்டுகளைக் கார் தரையில எடையோட நிக்கும்போதுதான் கடைசியா முறுக்கணும். தொங்கும்போதே முறுக்கினா, இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழிஞ்சுடும்.

அடுத்து பிரேக். பழைய லைனிங் தூள்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காத்தடிச்சு ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க. வீல் சிலிண்டர்ல ஒரே பிஸ்டன். அது ஒரு ஷூவைத் தள்ளும். எதிர்விசையில சிலிண்டரே பின்தகட்டுல நகர்ந்து இன்னொரு ஷூவைத் தள்ளும். நகர்ற இடத்துல துரு பிடிச்சா அந்தச் சக்கரத்துல ஒரு ஷூ சும்மா உட்கார்ந்திருக்கும். ரப்பர் சீலைக் கழுவ பெட்ரோலோ இன்ஜின் ஆயிலோ கூடாது, ஊதிப்போயிடும். பிரேக் ஆயில் போதும்.

இந்தக் கார்ல பிரேக்குக்கு ஒரே சர்க்யூட். ஒரு இடத்துல ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. நேர் ஆக்சில் வண்டிக்குப் பின்னாடி வழக்கமா ஒரு ரப்பர் ஹோஸ் போதும். இங்கே சக்கரம் தனித்தனியா ஆடறதால ரெண்டு. பார்க்க நல்லா இருந்தாலும் ரெண்டையும் புதுசா மாத்துங்க. கடைசியா ஏர் எடுத்துட்டு, பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. இறங்கினா எங்கேயோ கோளாறு இருக்குன்னு அர்த்தம்.

"பேசாம நேர் ஆக்சிலா மாத்திடலாமே"ன்னு கேப்பீங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இந்த றெக்கைதான் ஹெரால்டு. ஆனா அதை வெச்சுக்கணும்னா வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கிற பழக்கமும் வேணும். பங்குனி உத்திரத்துக்கு இதுலதான் குடும்பத்தை மலையடிவாரத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னு மாமா சொல்லிட்டு இருக்கார். பின்சீட்ல உட்கார்றவங்களுக்கு கிராஸும் ஹோஸும் தெரியாது. ஓட்டறவருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அடுத்த எபிசோட்ல முன் பிரேக். பாப்போம்!