சாந்தோம் சர்ச்சுக்குப் பின்பக்கமா வாங்க!

சாந்தோம் பேராலயத்துக்கு வருகிற கூட்டம் வெள்ளைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும், செல்ஃபி எடுக்கும், மெழுகுவர்த்தி ஏற்றும், கிளம்பிவிடும். அட, நில்லுங்க! பின்பக்கம் ஒரு மியூசியம் இருக்கிறது. அதன் கதையைக் கேட்டால் கோபுரம் மறந்துபோகும்.

தங்கம், வைரம் எல்லாம் தேடாதீர்கள். இங்கே கல்தான் கதாநாயகன். போர்ச்சுகீசிய எழுத்து தேய்ந்த கல்லறைப் பலகை, செதுக்கிய தூண் துண்டு, பாதி வரியிலேயே உடைந்து நிற்கும் தமிழ்க் கல்வெட்டு. இதெல்லாம் ஏலத்தில் எடுத்ததில்லை. காலடியிலேயே கிடந்த சரக்கு!

1523இல் போர்ச்சுகீசியர் இயேசுவின் சீடரான புனித தோமாவின் கல்லறை என்று நம்பிய இடத்தைத் தோண்டினார்கள். எலும்பும், ஈட்டி முனையும், மண் நிறைந்த பானையும் கிடைத்ததாக எழுதிவைத்தார்கள். அங்கே எழுந்த கோயிலை 1893இல் இடித்து, இப்போதைய கோத்திக் ஆலயத்தை 1896இல் முடித்தார்கள். இடித்துக் கட்டுகிற இடத்தில் பழைய கல் சும்மா இருக்குமா? படியாகும், தளமாகும், இல்லையென்றால் தோட்டத்து மூலையில் குந்திக்கொள்ளும்.

அந்த மூலைகளைத் துழாவ 1920களில் வந்து சேர்ந்தார் ஹென்றி ஹாஸ்டன் என்ற பெல்ஜிய சேசு சபைப் பாதிரியார். லேசுப்பட்ட ஆளில்லை! அக்பர் அவைக்குப் போன மான்செராட் பாதிரியாரின் லத்தீன் குறிப்புகள் கல்கத்தா பேராலய நூலகத்தில் அகப்பட்டபோது, 1914இல் அதைப் பதிப்பித்தவர் இவர்தான். சாந்தோமில் ஒவ்வொரு துண்டாகத் தேடிப் பார்த்துப் பட்டியல் போட்டார். சாந்தோம், மயிலாப்பூர் தொல்பொருட்கள் பற்றிய அவருடைய புத்தகம் 1936இல் வந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

2004இல் ஆலயத்தைப் புதுப்பித்தபோது நிலத்தடிக் கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வாசல் வைத்தார்கள். பூசை நடக்கும்போது நடுவே புகுந்து போகிற சங்கடம் தீர்ந்தது. மியூசியத்துக்கும் புது இடம் வந்தது.

எனக்குப் பிடித்தது சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள்தான். மயிலாப்பூரின் கபாலீஸ்வரர் கோயில் முதலில் இந்தக் கடலோரத்தில் இருந்தது என்று சொல்கிறவர்கள் ஆதாரமாகக் காட்டுவதும் சாந்தோமில் கிடைத்த இந்த மாதிரிக் கல்வெட்டுகளைத்தான். சர்ச் வளாகத்துக்குள் சிவன் கோயில் சாட்சி! மயிலாப்பூரில் இதெல்லாம் சகஜமப்பா.