முதியோர் எழுத்தறிவுக்குக் கொடுக்கும் முன்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் களிமண் பிசையவும், அச்சில் வார்க்கவும், சூளையில் அடுக்கவும் எழுத்து தேவையில்லை. கூலிப் பதிவேட்டில் எத்தனை நாள் வேலை ஏறியிருக்கிறது, பிடித்த வைப்புநிதி கணக்கில் சேர்ந்ததா, நுரையீரலைக் கெடுக்கும் தூசி பற்றி மூட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்க்கத்தான் அது தேவை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஏழு வயது நிரம்பிய ஆண்களில் 86.77 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது, பெண்களில் 73.44 சதவீதம் பேருக்குத்தான். நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பெண்கள் கைநாட்டோடு நின்றார்கள். முதியோர் எழுத்தறிவுக்கு ஊரில் யாராவது நன்கொடை கேட்டு வந்தால் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் வகுப்புத் தொடங்கும் நாளைப் பார்த்துக் கொடுக்காமல், வகுப்பு நின்றுபோகாமல் இருக்கக் கொடுக்க வேண்டும்.

அரசே இதைச் செய்கிறதே, நாம் எதற்கு என்பார்கள். 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 15 வயது நிரம்பியோருக்கு ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் கற்பிப்பதை நம்பியே நடக்கிறது. ஆகவே படித்தவர் தரக்கூடிய முதல் நன்கொடை மாலை நேரம். பணத்துக்கும் வேலை இருக்கிறது. 1991-92இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத்தந்து பெரும் எழுச்சியானது. ஆனாலும் புழக்கம் விட்டால் கற்ற எழுத்து மறந்துபோகும். தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடர்கல்வித் திட்டத்தைத் தனியே வகுத்தது அதற்காகத்தான். தொடக்க விழாவில் சிலேட்டும் பையும் வழங்கிப் படம் எடுப்பதைவிட, வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி, பெரிய எழுத்தில் வாசிப்பு நூல்கள், இரண்டாம் ஆண்டு விளக்குச் செலவு ஆகியவை பயன்தரும். மொத்தமாக ஒருமுறை தருவதைவிட மாதந்தோறும் சிறுதொகை தருவது இதற்குப் பொருந்தும்.

கொடுக்கும் வழியிலும் கவனம் வேண்டும். பணம் அமைப்பின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போகட்டும். தனியாள் எண்ணுக்கு வேண்டாம். பதிவு எண்ணும் பான் எண்ணும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 80ஜி என்று பழகிய வரிச்சலுகை, அதற்கு அனுமதி பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் உண்டு. பொதுவாக, உச்சவரம்புக்கு உட்பட்டு நன்கொடையில் பாதி வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ பொருளாகக் கொடுத்தாலோ அது கிடையாது. புதிய வரிமுறையில் வரி கட்டுபவர்களுக்கும் இல்லை. ‘முழு வரியும் திரும்ப வரும்’ என்று சொல்லிக் கேட்பவரை நம்பாதீர்கள். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் கொடுப்பதானால், அமைப்பு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும்.

இத்தனை கேள்வி கேட்டால் சேவை செய்பவர் மனம் புண்படாதா? நேர்மையாக நடத்துபவருக்கு ரசீதும் வரவு செலவும் காப்புதான். போலிகளிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டுபவை அவையே. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டப்படி பதிந்த சங்கம் ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதன் நடப்பில் ஐயம் இருந்தால் அங்கேயே புகார் தரலாம். பொது அறக்கட்டளை நிதி தவறாகப் போனால், அதில் அக்கறையுள்ள இருவர் நீதிமன்ற அனுமதியுடன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடுக்கலாம். இணைய வழியில் ஏமாந்திருந்தால் அன்றைக்கே 1930 எண்ணை அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால்தான் வங்கியில் அதை முடக்க வழி இருக்கும்.