ஆங்கிலப் பேச்சில் புணர்ச்சி

ஆங்கில நூல்களைத் தடையின்றிப் படித்துப் பொருள் உணரும் ஒருவர், இங்கிலாந்து நாட்டவர் பேசக் கேட்கையில் திகைத்துப் போகின்றார். மிக விரைவாகப் பேசுகின்றனர் என்று குறை கூறுகின்றார். விரைவு ஓரளவே காரணம். ஏட்டில் இடம்விட்டு அச்சிட்ட சொற்கள் நாவில் இடைவெளியின்றி ஒன்றிவிடுகின்றன என்பதே பெருங்காரணம்.

ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுத் தமிழாக்கம் செய்துகொண்டிருந்தேன். 'அ நைஸ் ஹவுஸ்' என்று செவியில் விழுந்ததை 'அழகிய இல்லம்' என எழுதிவிட்டேன். பேசியவர் குறித்ததோ 'அன் ஐஸ் ஹவுஸ்', அதாவது பனிக்கட்டிக் கிடங்கு! சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பெற்ற ஐஸ் ஹவுஸைப் பன்முறை பார்த்தவனே இவ்வாறு ஏமாந்தேன். நிலைமொழி ஈற்றிலுள்ள னகர மெய், வருமொழி முதலிலுள்ள உயிரோடு கூடியதன் விளைவு இது.

ஆங்கிலேயரும் ஏமாந்ததுண்டு. சமையல் வேளையில் ஆடைமேல் அணியும் துணியை முற்காலத்தில் 'நாப்ரன்' என்றனர். 'அ நாப்ரன்' என்பதை 'அன் ஆப்ரன்' எனப் பிரித்துக் கேட்டமையால் முதல் மெய் முன்சொல்லுக்குப் போயிற்று. இன்று 'ஏப்ரன்' என்றே அச்சொல் நிலைத்துவிட்டது.

இரண்டு உயிர்கள் சந்திக்குமிடத்தில் நிகழ்வது நமக்கு இன்னும் அணுக்கமானது. 'ஸீ இட்' என்பது 'ஸீயிட்' என்றும், 'கோ ஆன்' என்பது 'கோவான்' என்றும் ஒலிக்கும். இ, ஈ, ஐ ஆகியவற்றின்பின் யகரமும், ஏனைய உயிர்களின்பின் வகரமும், ஏகாரத்தின்பின் இரண்டும் உடம்படுமெய்யாக வரும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் தமிழுக்கு வகுத்த விதியை அறிந்தவர் இதனைப் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை.

ஆயினும் அவ்விதி எங்கும் பொருந்திவிடாது. தென்னிங்கிலாந்தினர் 'கார்' என்னும் சொல் தனித்து நிற்கையில் ரகரத்தை ஒலியாமல் 'கா' என்பர். 'கார் இஸ்' என உயிர் தொடரும்போது அந்த ரகரத்தை மீட்டுக்கொள்வர். இப்பழக்கத்தால், எழுத்தில் ரகரமே இல்லாத 'லா' என்ற சொல்லின்பின்னும் அதனை நுழைத்து, 'லா அண்ட் ஆர்டர்' என்பதைப் பலர் 'லாரண்ட் ஆர்டர்' ஆக்கிவிடுகின்றனர். ரகரத்தை எங்கும் ஒலிக்கும் ஸ்காட்லாந்தினரிடம் பொதுவாக இது இல்லை. நாமும் இதனைப் பின்பற்ற வேண்டுவதில்லை என்பதே என் கருத்து. செவி அறிந்திருந்தால் போதும்.

மெய்கள் திரிவதும் உண்டு. 'டென் பாய்ஸ்' என்பது 'டெம்பாய்ஸ்' எனவும், 'டென் கேர்ள்ஸ்' என்பது 'டெங்கேர்ள்ஸ்' எனவும் கேட்கும். 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்து 'மரங்கள்' ஆவதும் இவ்வாறே. அடுத்து வரும் மெய்க்கு நா முன்னரே ஆயத்தமாகிவிடுகிறது.