மூன்று ஓட்டைகள் சொல்லும் பொய்

சொந்தக் கையால் தயாரித்த தோட்டா வேட்டைக்குப் போதுமான துல்லியம் கொண்டதா? அட்டையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் அமெரிக்க வேட்டைக்காரர்கள். கணக்கோ வேறு கதை சொல்கிறது.

நூறு கஜம் தள்ளி நிறுத்தப்பட்ட அட்டையில் மூன்று ஓட்டைகள். ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்தால் மூன்றும் மறைந்துவிடும். மான் வேட்டைப் பருவம் நெருங்கும் வாரங்களில் அமெரிக்காவின் துப்பாக்கி சுடும் மைதானங்களில் இப்படிப்பட்ட அட்டைகள் பெருமையோடு கைமாறும். சுட்டவர் கடையில் தோட்டா வாங்கியவர் அல்ல. வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, தன் ரைபிளுக்கென்றே தோட்டா தயாரித்தவர். 'இனி மான் தப்பாது' என்பது அவர் கணக்கு.

அங்கேதான் பிசகுகிறது. அந்த மூன்று ஓட்டைகள் உண்மையைவிட அதிர்ஷ்டத்தையே அதிகம் சொல்லியிருக்கக் கூடும். அட்டையில் பிசகினால் நஷ்டம் ஒரு காகிதம். காட்டில் பிசகினால், வயிற்றிலோ காலிலோ குண்டு பாய்ந்த ஒரு மிருகம் புதருக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடித்துச் சாகும்.

சொந்தத் தயாரிப்பில் மர்மம் ஒன்றுமில்லை. சுட்டு முடித்த காலித் தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடியில் புதிய கேப். உள்ளே எடை போட்ட மருந்து. வாயில் புதிய குண்டு. மருந்தின் எடையைக் கிரெயின் கணக்கில் பார்க்கிறார்கள். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம்தான். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இப்படித் தயாரிக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்குத்தான் தேவை. செலவு மிச்சம் என்பது ஒரு காரணம். கடையில் கிடைக்காத பழைய ரகத் துப்பாக்கிகளுக்கு வேறு வழியில்லை என்பது இன்னொன்று. ஆனால் பலரை இழுப்பது மூன்றாவது காரணம்: துல்லியம். தொழிற்சாலைத் தோட்டா எல்லா ரைபிளுக்கும் பொதுவானது. கையால் செய்வதை ஒரே ரைபிளின் குணத்துக்கு ஏற்பச் செதுக்கலாம்.

எனவே தேடல் தொடங்குகிறது. மருந்தை அரை அரை கிரெயினாகக் கூட்டி, ஒவ்வோர் அளவிலும் மூன்று தோட்டா சுடுவார்கள். ஓட்டைகள் எதில் மிக நெருக்கமாக விழுகின்றனவோ அதுவே 'என் ரைபிளுக்குப் பிடித்த மருந்து' என்று முடிவாகிவிடும்.

அதிர்ஷ்டத்தின் கைவரிசை

புள்ளியியல் இந்த முடிவை ஏற்பதில்லை. ஒரு தோட்டா ரகம் 100 கஜத்தில் சராசரியாக ஒரு அங்குல வட்டத்துக்குள் மூன்று குண்டுகளைப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ரைபிள், அதே தோட்டா, அதே ஆள். ஆனாலும் ஓர் அட்டையில் அரை அங்குலம் வரும். அடுத்ததில் ஒன்றரை அங்குலம் வரும். இரண்டும் இயல்பே. பத்து அட்டை சுட்டால், ஒன்றாவது நாணயத்துக்குள் மறைவதில் ஆச்சரியம் இல்லை. பத்து விதமான மருந்து அளவில் மும்மூன்று சுட்டுச் சிறந்ததைப் பொறுக்குபவர், பல நேரம் பொறுக்குவது தோட்டாவை அல்ல, அதிர்ஷ்டத்தை.

எண்ணிக்கை கூடினால் குட்டு வெளிப்படும். மூன்று குண்டுக்குச் சராசரி ஒரு அங்குலம் என்றால், ஐந்து குண்டுக்கு அது சுமார் 1.3 அங்குலமாக விரியும். பத்துக்கு 1.6 அங்குலத்தை நெருங்கும். தோட்டா கெட்டுப் போகவில்லை. அதன் உண்மையான சிதறல் மெல்ல முகம் காட்டுகிறது, அவ்வளவுதான். மூன்று வாக்காளரைக் கேட்டுத் தேர்தல் முடிவைச் சொல்ல முடியாதது போலத்தான் இதுவும்.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். நான்கு குண்டு சேர்ந்து விழுந்து ஐந்தாவது விலகினால், 'அது நான் கையை அசைத்தது' என்று கணக்கிலிருந்து தள்ளிவிடுவார்கள். சுடும்போதே கை அசைந்தது தெரிந்திருந்தால் தள்ளலாம். ஓட்டையைப் பார்த்த பிறகு தள்ளுவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது.

எது போதும்?

ஆனால் ஒன்றரை அங்குலம் என்பது வேட்டைக்குக் குறையா? இல்லை என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. அமெரிக்காவின் வெள்ளைவால் மானுக்கு, இதயமும் நுரையீரலும் சேர்ந்த உயிர்நிலைப் பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல வட்டம். 100 கஜத்தில் இரண்டு அங்குலம் சிதறும் தோட்டாகூட 200 கஜத்தில் நான்கு அங்குலத்துக்குள் அடங்கும். குறி சரியாக இருந்தால் மானுக்கு அதுவே போதும்.

குறி சரியாக இருக்கிறதா என்பதே கேள்வி. மைதானத்தில் மேஜை உண்டு, ரைபிளைத் தாங்க மணல் பை உண்டு. காட்டில் மூச்சு வாங்கும், கை நடுங்கும், கால் சரியும். நின்றபடி சுடுபவரின் கை நடுக்கத்தால் மட்டுமே 100 கஜத்தில் ஆறு அங்குலம் சிதறுகிறது என்று கொள்வோம். ஒரு அங்குலத் தோட்டாவோடு அது சேர்ந்தால் மொத்தச் சிதறல் 6.1 அங்குலம். இரண்டு அங்குலத் தோட்டாவோடு சேர்ந்தால் 6.3. வித்தியாசம் கால் அங்குலம்கூட முழுதாக இல்லை. வாரக்கணக்கில் மருந்தை எடை போட்டுச் சம்பாதித்த துல்லியத்தை ஒரு நடுக்கம் விழுங்கிவிடுகிறது.

காற்று அதையும் மிஞ்சும். பிரபலமான .30-06 ரகத்தில் 150 கிரெயின் குண்டை, மணிக்கு பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று 100 கஜத்தில் ஒரு அங்குலத்துக்கும் குறைவாகவே தள்ளும். 300 கஜத்திலோ ஏழு அங்குலம் வரை தள்ளிவிடும். உயிர்நிலையைக் குறிவைத்த குண்டு வயிற்றில் பாயப் போதுமான தூரம் அது.

எனவே அனுபவசாலிகள் வேறு சோதனையை நம்புகிறார்கள். வேட்டையில் முக்கியம் முதல் குண்டு. அது சூடேறாத குழலிலிருந்து புறப்படுவது. குழல் சூடாக இருக்கும்போது விழும் இடமும், குளிர்ந்திருக்கும்போது விழும் இடமும் சில ரைபிள்களில் மாறுபடும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரே ஒரு குண்டு. மறுநாள் அதே அட்டையில் இன்னொன்று. பத்து நாளில் பத்து ஓட்டைகள். அந்தப் பத்தும் எவ்வளவு பரவியுள்ளன, அவற்றின் நடுப்புள்ளி குறியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதே நாணயமான விடை.

துல்லியம் மட்டுமே தகுதியும் அல்ல. போட்டிகளுக்கென்று செய்யப்படும் குண்டு அட்டையில் அற்புதமாக விழும். ஆனால் உடலுக்குள் சீராக விரிந்து விரைவாகக் கொல்வதற்காக வடிவமைக்கப்பட்டதல்ல அது. துல்லியத்துக்கு ஆசைப்பட்டுக் குண்டைக் கூட்டிலிருந்து அதிகம் வெளியே நீட்டிச் செருகினால், அது குழலின் வரிப்பள்ளங்களில் சிக்கும். சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்கும்போது கூடு மட்டும் கையோடு வரும். குண்டு குழலிலேயே தங்கும். மருந்து துப்பாக்கிக்குள் கொட்டும். அன்றைய வேட்டை அத்துடன் சரி. காட்டுக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு தோட்டாவும் அறைக்குள் தடையின்றி நுழைகிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது அதனால்தான்.

வெயிலும் கார்டைட்டும்

மருந்தின் இன்னொரு எதிரியை இந்தியா நன்கு அறியும்: வெயில். 1889-ல் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற கார்டைட், சேமியா போல நீண்ட இழைகளாக இருக்கும் மருந்து. சூடு ஏற ஏற அது உண்டாக்கும் அழுத்தமும் ஏறும். குளிர் நாட்டில் பத்திரமாக வெடித்த தோட்டா இந்தியக் கோடையில் துப்பாக்கிக்கே ஆபத்தாகலாம். அதனால் பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டாக்களை அனுப்பினார்கள். இன்றைய மருந்துகள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் குளிர்கால அதிகாலையில் சோதித்த தோட்டாவைக் கோடை மதியத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்ற விதி மாறவில்லை.

பழைய ரகத் துப்பாக்கிகளின் கஷ்டமும் இங்கே அறிமுகமானதே. தென்னிந்தியக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த பெங்களூருவின் கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். பின்னாளில் அந்தத் தோட்டாவைத் தயாரித்தவர்களே நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு அமெரிக்காவில் கைத் தயாரிப்பு கைகொடுத்தது. இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம்.

பொழுதுபோக்கு வேட்டைக்கு 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் துப்பாக்கி முழுதாக ஓய்ந்துவிடவில்லை. 2016-ல் பீகாரின் மொகாமா பகுதியில் பயிரை அழித்த நீல்காய் மான்கள் நூற்றுக்கணக்கில் சுடப்பட்டபோது மத்திய அமைச்சர்களே எதிரெதிராகப் பேசினார்கள். கேரள அரசு 2022-ல், வயலில் புகும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் தந்தது. உரிமம் உள்ள துப்பாக்கி வைத்திருப்பவர்களையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

சுடலாமா கூடாதா என்ற வாதம் ஒரு பக்கம். சுடுவது என்று முடிவானபின், சுடுபவரின் தகுதியை எப்படி அளப்பது என்பது மறுபக்கம். உரிமம் என்பது துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் தரும் அனுமதி. இருட்டில், ஓடும் பன்றியின் உயிர்நிலையில் குண்டு பாயும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. காயம்பட்ட பன்றி மறுநாள் காலை யார் வயலில் எதிர்ப்படும் என்று யாருக்கும் தெரியாது.

அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் இதற்கும் ஒரு மலிவான சோதனை உண்டு. எட்டு அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை மாட்ட வேண்டும். மேஜையும் மணல் பையும் இல்லாமல், காட்டில் எப்படிச் சுட நேருமோ அப்படியே நின்றோ உட்கார்ந்தோ பத்து முறை சுட வேண்டும். எந்தத் தூரத்தில் பத்தும் தட்டில் விழுகின்றனவோ, அதுவே அவருடைய எல்லை. அது 150 கஜமாக இருக்கலாம். வெறும் 60 கஜமாகவும் இருக்கலாம். அதற்கு அப்பால் நிற்கும் மிருகத்தைப் பார்த்தால் துப்பாக்கியைத் தாழ்த்திவிட வேண்டும், எவ்வளவு அருமையான தோட்டா உள்ளே இருந்தாலும்.