திசையோடு வாழும் மனம்

மேசைமேல் மூன்று பொம்மை விலங்குகள் ஒரே பக்கம் பார்த்தபடி வரிசையாக நிற்கின்றன. வரிசையை நன்றாகப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பிறகு உங்களைப் பின்புறமாகத் திருப்பி, எதிரே இருக்கும் இன்னொரு மேசையைக் காட்டி, "அப்படியே அடுக்குங்கள்" என்கிறார்கள். நெதர்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர், வலப்பக்கம் பார்த்து நின்ற விலங்குகளை மறுபடியும் வலப்பக்கம் பார்க்கவே நிறுத்தினார்கள். மெக்சிகோவில் தெனஹாபா என்னும் மலையூரில் வாழும் மாயா மக்களில் பெரும்பாலோர், வடக்கே பார்த்தவற்றை வடக்கே பார்க்க நிறுத்தினார்கள். ஆள் திரும்பினால் இடமும் வலமும் மாறிவிடும், வடக்கு மாறாது. இரண்டு விடைகளும் சரிதான்.

இந்தச் சோதனைகளை நடத்திய குழுவின் தலைவர் ஸ்டீபன் லெவின்சன். பிரிட்டனைச் சேர்ந்த மானிடவியலாளர். நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் இயக்குநராக நெடுங்காலம் பணியாற்றியவர். அவருடைய தொடக்ககாலக் களங்களில் ஒன்று கோவை மாவட்டத்துக் கிராமம். மனிதர்கள் ஒருவர் மனத்தை ஒருவர் நோகடிக்காமல் எப்படிப் பேசுகிறார்கள் என்று பெனலோபி பிரவுனுடன் சேர்ந்து அவர் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில், ஆங்கிலத்தோடும் மாயா மொழியான செல்தாலோடும் தமிழும் இடம்பெற்றது.

பின்னாளில் அவர் கவனம் திசைகளின்மேல் திரும்பியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கூகு யிமித்திர் மொழி பேசும் பழங்குடியினர் இடது, வலது என்று வழி சொல்வதில்லை. மேசைமேல் இருக்கும் கோப்பையானாலும் பக்கத்தில் நிற்கும் ஆளானாலும் கிழக்கு, மேற்கு என்றே சொல்வார்கள். அவர்களில் ஒருவர், படகு கவிழ்ந்து தாம் உயிர்தப்பிய கதையை ஈராண்டு இடைவெளியில் இருமுறை சொன்னார், இரண்டும் படம்பிடிக்கப்பட்டன. முதல்முறை மேற்கு நோக்கி உட்கார்ந்திருந்தார். படகு புரண்டதைக் காட்டக் கைகள் முன்னோக்கி உருண்டன. அடுத்தமுறை வடக்கு நோக்கி இருந்தார். கைகள் வலமிருந்து இடமாக உருண்டன. இரண்டு தடவையும் படகு கிழக்கிலிருந்து மேற்காகவே கவிழ்ந்தது.

இது எப்படி முடிகிறது? எந்த நேரத்தில் எதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்குமோ தெரியாது. ஆகவே பார்ப்பதையெல்லாம் திசையோடு சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். அதற்கு, நாம் எந்தத் திசை பார்த்து நிற்கிறோம் என்பதை மனம் இடைவிடாமல் கணக்கு வைத்திருக்க வேண்டும். பேச்சுப் பழக்கம் சிறுவயதிலிருந்தே இந்தப் பயிற்சியைக் கொடுத்துவிடுகிறது. தெனஹாபாக்காரர் ஒருவரின் கண்ணைக் கட்டி, இருட்டறையில் இருபது தடவைக்கு மேல் சுற்றிவிட்டார்கள். தலைசுற்றல் அடங்குவதற்குள் அவர் மலைச்சரிவு இறங்கும் திசையைக் கைகாட்டிவிட்டார்.

மொழிப் பழக்கமே நினைவை இப்படி வழிநடத்துகிறது என்ற முடிவை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. நினைவை வழிநடத்துவது மொழி அல்ல, சுற்றுப்புறத்தில் தெரியும் அடையாளங்களே என்று பெக்கி லீயும் லைலா கிளைட்மனும் 2002இல் வாதிட்டார்கள். லெவின்சன் குழு அதற்கு விரிவாக மறுப்பு எழுதியது. இந்த விவாதத்தில் தமிழுக்கும் பங்கு உண்டு. அதே குழுவைச் சேர்ந்த எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் ஆய்வு செய்தபோது, நகரத்தார் இடது வலது என்றும் கிராமத்தார் வடக்கு தெற்கு என்றும் இடம் சொல்வதைக் கண்டார். பொம்மைச் சோதனையிலும் அந்த வேறுபாடு தெரிந்தது. மொழி ஒன்றுதான், பழக்கம் வேறு.

வேறுபாடுகளைத் தேடிய லெவின்சன் ஒற்றுமையையும் கண்டார். தன்யா ஸ்டைவர்ஸ் தலைமையில் அவரும் பங்கேற்ற 2009ஆம் ஆண்டு ஆய்வு, பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான நேரத்தை அளந்தது. சராசரி இடைவெளி சுமார் 0.2 விநாடி. ஜப்பானியர் சற்று விரைவு, டேனிஷ்காரர் சற்று நிதானம். ஆனாலும் எல்லா மொழிகளும் இந்தச் சராசரியிலிருந்து கால் விநாடி அளவுக்குள்ளேயே நின்றன. ஒரு சொல்லைத் தேடி எடுத்து உச்சரிக்க மூளைக்கு அரை விநாடிக்கு மேல் வேண்டும். அப்படியென்றால் எதிராளி பேசி முடிப்பதற்குள்ளேயே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். மனிதர் கூடும் இடமெல்லாம் இந்த வியப்பு நடந்துகொண்டே இருக்கிறது.

திசையறிவு அப்படி எல்லாருக்கும் பொதுவாக அமைவதில்லை. பேசிப் பேசி வளர்க்க வேண்டியது அது. "கொஞ்சம் வடக்கால தள்ளி உட்காரு" என்று சொல்லும் பெரியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்களோடு பேசவிடுங்கள். நீங்களும் திசை சொல்லிப் பேசிப் பழகுங்கள்.