சொல்லிப் பழகு – 14: ‘அனுப்பினா என்ன?’

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி. மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண்ணுக்கு வெளிநாட்டுப் பையரிடமிருந்து மெயில் வந்தது. ‘வை டோன்ட் யூ சென்ட் அஸ் ஒன் மோர் சாம்பிள்?’ ஒரே வரிதான். படித்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. ‘இன்னொரு சாம்பிள் ஏன் அனுப்பலை?’ என்று பையர் கோபப்படுவதாக எடுத்துக்கொண்டார். சாயப்பட்டறையில் தாமதம், பிரிண்டிங்கில் தாமதம் என்று பத்து வரிக்கு மன்னிப்பு எழுதி, அனுப்புவதற்கு முன் மாலை வகுப்பில் என்னிடம் காட்டினார்.

பையர் கோபப்படவே இல்லை. ‘இன்னொரு சாம்பிள் அனுப்பினா என்ன?’ என்றுதான் கேட்டிருந்தார்.

‘வை’ என்றால் ‘ஏன்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது நம்மை இங்கே தடுக்கி விழவைக்கிறது. ‘வை டிடின்ட் யூ சென்ட்?’ என்றிருந்தால் அது காரணம் கேட்கும் கேள்வி. ‘வை டோன்ட் யூ’, ‘வை டோன்ட் வி’ என்று தொடங்கினால் பெரும்பாலும் அது யோசனை. அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சம்மதமா இல்லையா என்று சொன்னால் போதும்.

இந்த வித்தை நமக்குப் புதிதும் அல்ல. ‘சாயங்காலம் படத்துக்குப் போனா என்ன?’ என்று வீட்டில் கேட்டால் யாராவது காரணம் அடுக்குகிறார்களா? ‘போலாமே’ என்கிறார்கள். யோசனையைக் கேள்வியாக மாற்றி, எதிராளிக்கு மறுக்க இடம் விட்டுப் பேசுவதில் தமிழ் கைதேர்ந்த மொழி. பெனிலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் பணிவான பேச்சைப் பற்றி எழுதிய ஆய்வு 1987-இல் கேம்பிரிட்ஜில் நூலாக வந்தது. அதற்கு அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று கோவை மாவட்டக் கிராமத்துத் தமிழ்!

அதனால் சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். பேச்சுக்குப் பேச்சு மாற்றுங்கள். ‘போலாமா?’ என்றால் ‘ஷல் வி கோ?’ ‘வாங்க போவோம்’ என்றால் ‘லெட்ஸ் கோ.’ ‘போனா என்ன?’ என்றால் ‘வை டோன்ட் வி கோ?’ அல்லது ‘ஹவ் அபவுட் கோயிங்?’

ஒரு பிழையை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். ‘ஐ சஜஸ்ட் யூ டு கோ’ என்று படித்தவர்களே எழுதுகிறார்கள். ‘உங்களைப் போகச் சொல்றேன்’ என்ற தமிழ் வாக்கியம் உள்ளே நின்று இழுப்பதுதான் காரணம். ‘ஐ சஜஸ்ட் யூ கோ’ என்பதே சரி. அங்கே ‘டு’வுக்கு வேலை இல்லை.

மறுப்பதுதான் கடினம். மனசில்லாதபோது நாம் ‘பார்க்கலாம்’ என்போம், கேட்டவருக்குப் புரிந்துவிடும். அதையே ‘வி வில் சீ’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், அடம்பிடிக்கும் குழந்தைக்குப் பெரியவர் சொல்லும் பதில்போல ஒலித்துவிடலாம். வெறும் ‘நோ’ முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். ‘ஐ வுட் லவ் டு, பட்...’ என்று தொடங்கி, காரணத்தையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். முடிந்தால் மாற்று யோசனை ஒன்றும் வையுங்கள்: ‘ஹவ் அபவுட் சண்டே?’

அந்தப் பெண் பத்து வரியையும் அழித்துவிட்டு, ‘ஷூர், வி வில் சென்ட் இட் பை ஃப்ரைடே’ என்று அனுப்பினார். நீங்களும் இந்த வாரம் வீட்டில் ‘செய்தா என்ன?’ என்று சொல்லும்போதெல்லாம், அதை ஆங்கிலத்தில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

(தொடரும்)