செல்போன் வைத்து நீச்சல் கத்துக்கலாமா? எதற்கு உதவும், எங்கே ஆபத்து?

ராமநதி, கடனாநதி என்று பக்கத்திலேயே இரண்டு அணைகள், சுற்றிலும் குளங்கள், வயல் கிணறுகள். கடையம் பக்கம் நீச்சல் என்றால் கிணறுதான் ஞாபகம் வரும். முதுகில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டி, இடுப்புக் கயிற்றை மாமாவோ சித்தப்பாவோ பிடித்துக்கொள்ள, உள்ளே இறங்க வேண்டியதுதான். ஊரை விட்டு வேலைக்குப் போன பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கையில் இருப்பது போன் மட்டும்தான். அது போதுமா?

வீடியோ பார்த்தே கத்துக்கலாமா?

முடியாது. பார்த்தால் முறை புரியும், உடம்புக்குப் பழகாது. ஆனால், உங்களையே வீடியோ எடுத்துப் பார்ப்பது நிஜமாகவே உதவும். புதிதாகப் பழகுபவர், தன் உடம்பு நேராக மிதப்பதாகத்தான் நினைப்பார். வீடியோவில் பார்த்தால் தலை மேலே இருக்கும், கால் கீழே தொங்கும்.

ஏன் அப்படி?

நுரையீரலில் காற்று இருப்பதால் மார்பு எளிதில் மிதக்கும். கால்கள் இறங்கும். பயத்தில் தலையைத் தூக்கினால் இடுப்பும் சேர்ந்து இறங்கும். முகத்தைத் தண்ணீரில் வைத்து தரையைப் பார்த்தால், இடுப்பு மேலே வரும்.

எதை எடுக்கணும்?

இடுப்பளவு ஆழமுள்ள நீச்சல் குளம், அருகில் பயிற்சியாளர், வீடியோ எடுக்க அனுமதி. இந்த மூன்றும் கட்டாயம். மற்றவர்கள், முக்கியமாகக் குழந்தைகள், ஃபிரேமில் வரக் கூடாது. பக்கவாட்டில் 15 விநாடி, ஸ்லோ மோஷனில் எடுத்தால் போதும்.

1. மூச்சு: தண்ணீருக்குள் குமிழி விடுகிறீர்களா, மூச்சை அடக்கிக்கொள்கிறீர்களா?

2. மிதத்தல்: தலை, இடுப்பு, கால் ஒரே கோட்டில் இருக்கிறதா? மிதந்த நிலையிலிருந்து பதறாமல் எழுந்து நிற்க முடிகிறதா?

3. கால் உதை: இடுப்பிலிருந்து வருகிறதா, சைக்கிள் மிதிப்பது போல முழங்கால் மடங்குகிறதா?

ஒரு நாளைக்கு ஒரு தவறை மட்டும் திருத்துங்கள்.

வாட்டர்ப்ரூஃப் போன்தானே?

ஐபி68 தரம் என்பது நன்னீரில், குறிப்பிட்ட ஆழம், நேரத்துக்கான சோதனை மட்டுமே. குளோரின் கலந்த நீருக்கு அது உத்தரவாதம் அல்ல. போன் கரையில், ஸ்டாண்டில் இருக்கட்டும்.

பெரிய ஆபத்து எது?

வீடியோ எடுப்பவரையே காவலுக்கும் நம்புவது. மூழ்குபவர் பெரும்பாலும் கத்த மாட்டார், கையசைக்கவும் மாட்டார். மூச்சுக்குத் தவிக்கும்போது குரல் எழும்பாது. திரையைப் பார்ப்பவருக்கு இது தெரியாமலே போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதனால் தண்ணீரைப் பார்க்க மட்டுமே ஒருவர் தனியாக வேண்டும்.

குளத்தில் பழகியாச்சு, அணையில் இறங்கலாமா?

வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவரை அடித்துச் சென்றது. மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. அந்த வேகத்தில் நீச்சல் தெரிந்தவரும் நிற்க முடியாது.

யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கம்பு நீட்டுங்கள், கயிறு, வேட்டி, மூடிய காலி கேன் என எது கிடைத்தாலும் வீசுங்கள். அப்போது போன் எடுப்பது 108 அல்லது 112-ஐ அழைக்க மட்டும்தான்.